ஒன்பதாவது மாதிரி

கௌனாஸ் நகரில் ஜனவரி.
நெமுனாஸ் ஆறு பாதி உறைந்து
மீதிக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.
பட்டறை மேசையில்
நான் வரைந்து வார்த்த கழிப்பறை இருக்கைகள்,
யாரும் கழுத்து நீட்டாத
வெள்ளை மாலைகள்.

மருத்துவமனையிலிருந்து டாங்குவொலே வந்தாள்.
மூன்றாம் மாடியைப் பத்தொன்பது வருடமாகக் கழுவுகிறவள்.
வரைபடங்களை நீட்டினேன். வாங்கவில்லை.
கைப்பையைத் திறந்து
மயிர் தேய்ந்த நீல டூத்பிரஷ் ஒன்றை எடுத்தாள்.
"இது நுழையாத இடத்தில்தான்
நாற்றம் குடியிருக்கும்."

எங்கள் கழிப்பறையிலேயே ஒரு மாதம்
மாட்டிவைத்திருந்த நான்காம் மாதிரி.
கீலுக்கு அடியில் விட்டு ஓர் இழுப்பு.
நுனியில் பழுப்பாய் வந்தது.
யாருடையது என்று அவள் கேட்கவில்லை.
ஐந்து பேருக்கும் முகம் சிவந்தது.

திருகாணித் தலை, ரப்பர் குமிழின் விளிம்பு,
இரண்டு வார்ப்புகள் சேரும் மயிரிழைக் கோடு
என்று தொட்டுத்தொட்டுக் காட்டிவிட்டுச் சொன்னாள்:
"நீங்கள் நின்றுகொண்டு வரைகிறீர்கள்.
நான் முழங்காலில் இருந்து பார்க்கிறேன்."

ஏழாவதில் கோடே இல்லை. ஒரே வார்ப்பு.
பொத்தானை அழுத்தினால் கையோடு வந்துவிடும்,
சாப்பாட்டுத் தட்டு மாதிரி
தொட்டியில் போட்டுக் கழுவலாம்.
டாங்குவொலே முதல்முறை சிரித்தாள்.
நானும் நிமிர்ந்து நடந்தேன்
வியாழக்கிழமை வரை.

வியாழக்கிழமை கிந்தவுதாஸ் வந்தார்.
டிராலிபஸ் ஓட்டியவர். வலது கால் இல்லை,
சர்க்கரை, கண்ணிலும் கை வைத்திருக்கிறது.
சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தி
பிரேக்கைப் பூட்டினார்.
ஒரு கை சுவர்க்கம்பியில்,
ஒரு கை என் இருக்கையின் ஓரத்தில்.
உடம்பு முழுக்க அந்தரத்தில் நிற்கும்
அந்த ஒரு நொடியில்
ஏழாவது மாதிரி
இரண்டு விரற்கடை நகர்ந்தது.

விழவில்லை. கம்பி பிடித்துக்கொண்டது.
மூச்சு வந்தபின் சொன்னார்:
"தரை வெள்ளை, பீங்கான் வெள்ளை, இதுவும் வெள்ளை.
பனியில் பஸ் ஓட்டியிருக்கிறேன், தம்பி.
பனியில் உட்கார்ந்ததில்லை."

இறுக்கித் திருகினால் கழற்ற முடியாது என்றாள் அவள்.
கழன்றால் விழுவேன் என்றார் இவர்.
"உங்களுக்கு ஒரு நிமிடம் மிச்சம்.
எனக்கு இடுப்பெலும்பு."
"ஒரு நிமிடமா?
நாளைக்கு நாற்பத்திரண்டு இருக்கை.
என்னுடையதும் எலும்புதான்."
இருவரில் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல்
தேநீரில் மூன்றாம்முறை சர்க்கரை போட்டேன்.

பிறகு அவளே தரையில் அமர்ந்தாள்.
"இன்னொருமுறை மாறுங்கள். மெதுவாக.
எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று பார்க்கிறேன்."
அவர் மாறினார். அவள் பென்சிலால்
பீங்கான்மேல் கோடு போட்டாள்.
மேல்நோக்கி அவர் இழுப்பதே இல்லை;
எல்லாப் பாரமும் குறுக்கே.
பதினோரு மாதம் எனக்குத் தெரியாதது
அந்தக் கோட்டில் இருந்தது.

எட்டாவதை அச்சிலேயே உடைத்தேன்.
ஒன்பதாவதற்கு
பீங்கான் விளிம்பைக் கவ்வும் இரண்டு தோள்கள்:
குறுக்கே அசையாது, நிமிர்த்தினால் கழலும்.
முன்பக்கம் கை ஊன்ற அகலம்.
நிறம் நீலம்.
எந்த நீலம் என்று நான் சொல்லவில்லை,
அவள் கைப்பையை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

மார்ச் மாதம்.
கிந்தவுதாஸ் உள்ளே போய்த் தாழிட்டார்.
வெளியே நாங்கள் பிரசவ அறை வாசல்போல் நின்றோம்.
தண்ணீர் இரைந்தது. கதவு திறந்தது.
"எப்படி?"
"எதுவும் நடக்கவில்லை" என்றார்,
தொப்பியைத் தேடிக்கொண்டே.

அதைவிடப் பெரிய பாராட்டு
எனக்கு இனி வராது என்று நினைக்கும்போதே
டாங்குவொலே டூத்பிரஷோடு உள்ளே போனாள்.
நேரமாயிற்று.
எட்டிப் பார்த்தேன்.
இடது தோளின் அடியில்
பென்சிலால் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி
போட்டுக்கொண்டிருந்தாள்.
நானும் முழங்காலிட்டேன்.