ஏழாம் நம்பர்

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன்.
ஈச்சமோட்டூர் கூட்டு ரோட்டில்
நானும் அமுலுவும் வேடியப்பனும் நிற்போம்.
அவரை ஏற்ற வேன் வருவதில்லை.

இடுப்புயரக் கல்.
வலக்கையில் கத்தி, இடக்கையில் வில்,
மார்பில் மூன்று அம்பு. முட்டிக்குக் கீழே மண்.
எண்ணெய் ஏறி ஏறி முகம் போய்விட்டது.
மூக்கிருந்த இடத்தில் பொட்டு வைக்கிறார்
பூசாரி முனிரத்தினம்.

ஊருக்குத் தெரிந்த கதை ஒன்றுதான்.
மலையிறங்கி வந்தவர்கள் மாட்டை ஓட்டிப் போனார்கள்.
இவர் துரத்தினார், மீட்டார்,
பாலாற்று மணலில் விழுந்தார்.
அதனால் எந்த வீட்டில் கன்று விழுந்தாலும்
முதல் சீம்பால் இவர் தலையில்.
அதனால் ஓவர்டைம் முடிந்து இருட்டில் நடக்கையில்
பின்னால் யாரோ வருவது போலிருந்தால்
‘வேடியப்பா’ என்பேன்.
காலடிச் சத்தம் நின்றுவிடும்.
நாயாகவும் இருக்கலாம்.

நான் பார்ப்பது மாட்டுத்தோல் வேலை.
ஷூவுக்கு மேல்தோல் தைப்பது,
நாளைக்கு நூற்றெண்பது ஜோடி.
எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் வாசம் நிற்கும்.
மாட்டுக்காக உயிர்விட்டவர் முன்னால்
கையை ஒளித்துக்கொண்டு கும்பிடுவது எப்படி?

ஆடி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை
திருப்பத்தூர் காலேஜிலிருந்து ஜெசிந்தா என்றொரு பெண்
பிரஷ்ஷும் மைதாமாவுமாக வந்தாள்.
முனிரத்தினம் கற்பூரம் கொளுத்தி உத்தரவு கேட்டார்,
சேவல் ஒன்றை நேர்ந்து கட்டினார்,
அப்புறம்தான் மண்ணை வெட்ட விட்டார்.
மாவு தடவத் தடவ
குழந்தைக்குப் பல் முளைப்பதுபோல் எழுத்து முளைத்தது.
ராஜா பேர் சிதைந்திருந்தது. கடைசி வரி மட்டும் முழுசு.
விரல் வைத்துச் சேர்த்துப் படித்தாள்:
தொறுக் கொண்டு பட்டான் கல்.

தொறு என்றால் மந்தையாம்.
கொண்டு என்றால்?
தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள்.
“மீட்டு-ன்னு இருக்கும்னு நெனச்சேன். இல்லைங்க.”

முதலில் கத்தியவன் கோதண்டன்.
“இன்னாம்மா சொல்ற?
எங்க மாட்ட ஓட்டிக்கினு போன ஆளுக்கா
இத்தினி வருசமா பொங்க வெச்சிக்கினு கீறோம்?”
எழுத்து தேய்ந்திருக்கும் என்றார்கள்.
சின்னப் பொண்ணு, தப்பாய்ப் படித்திருக்கும் என்றார்கள்.
குத்திச் சாய்த்தவர்களே கல்லும் நடுவார்களா என்றார்கள்.
அவள் மாவுக் கையோடு
யாரையும் பார்க்காமல் நின்றாள்.

நான் எழுத்தைப் பார்க்கவில்லை.
முதன்முதலாய் வெளியே வந்த கால்களைப் பார்த்தேன்.
பதினோரு வருஷமாய் லாஸ்ட் கட்டைகளோடு கிடப்பவளுக்குக்
கால் எந்தப் பக்கம் போகிறதென்று
யாரும் படித்துச் சொல்ல வேண்டாம்.
இரண்டும் வடக்கே, மலையைப் பார்த்து.
பெருவிரல் ஊன்றி, குதிகால் எழும்பி,
ஊரை விட்டு ஓடுகிற கால்.
அதன் பின்னால் எலும்பெடுத்த ஒற்றைப் பசு
எங்கள் தெருவைத் திரும்பிப் பார்த்தபடி.

ஆனால் அம்பு மார்பில்தானே இருக்கிறது?
ஓடியவன் ஒருதடவை திரும்பியிருக்கிறான்.
எதற்கு என்று கல்லில் இல்லை.

மூன்று வருஷம் முன்பு
உள்ளங்கை அகலம், கறுப்புத்தோல், வெட்டில் விழுந்த கழிவு,
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.
மகளின் பள்ளிக்கூட ஷூ வாயைப் பிளந்திருந்தது.
கேட்டில் தடவிப் பார்த்தவளுக்குத் தட்டுப்படவில்லை.
அன்று ராத்திரி இந்தக் கல்லைத் தாண்ட முடியாமல்
சேற்று வரப்பில் சுற்றிக்கொண்டு வீடு போனேன்.

சாயங்காலம் முனிரத்தினம் மாவைக் கழுவினார்.
நேர்ந்த சேவலை என்ன செய்வதென்று யாரும் கேட்கவில்லை;
அறுத்தார், குழம்பும் ஆயிற்று,
கோதண்டன் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை. வேன் இன்னும் வரவில்லை.
தோண்டிய குழியை யாரும் மூடவில்லை.
அமுலு கொட்டாவி விட்டபடி,
“திருட்டுப்பய, நம்பள மாதிரி” என்று சிரித்தாள்.
எனக்குத் திக்கென்றது.
குனிந்து, கல்பாதத்தின் மேல் கையை விரித்து வைத்தேன்.
சாண்கூட வரவில்லை.
ஆள் உயரத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்:
ஏழாம் நம்பர்.

ஏழாம் நம்பர் வெட்டும் நாளில்
கழிவு நிறைய விழும்.