முப்பத்தாறு அடி

பஞ்சிகாவத்தையில் மீற்றரை வைத்துப் பார்த்தார் மரியசீலன்.
வானின் மூக்கில் பதின்மூன்று புள்ளி ஒன்பது.
வாலில், என் வண்டிலின் பற்றரியில்,
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
"மெல்லிசு வயர் தங்கச்சி.
கரண்ட் வந்து சேரமுதல் களைச்சுப் போகுது."

தடித்த வயர் வேணும். எத்தனை அடி?
பதினெட்டு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"போற வழியை அளந்திட்டீர்.
திரும்பி வாற வழியை ஆர் அளக்கிறது?"

முப்பத்தாறு அடி. சிவப்பும் கறுப்பும்.
பாதிக் காசு கையில், பாதி மாதக் கடைசியில்.
நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே:
எஞ்சின் நின்றால் கதவைச் சாத்திவிடும்.
இல்லாவிட்டால் என் பிரிட்ஜ் இரவோடிரவாக
சப்ரானின் வானையும் குடித்துவிடும்.
ஒருமுறை குடித்தது.
காலிமுகத்திடலில் பதினொன்றரைக்கு
பட்டம் விட வந்த நாலு பேர் தள்ளினார்கள்,
ஆளுக்கொரு பலூடா.

வயர் வந்தது. தூரம் வரவில்லை.
கொட்டாஞ்சேனையிலிருந்து கடற்கரைக்கு இருபது நிமிடம்.
பற்றரி கேட்பதோ மூன்று மணித்தியாலம்.
சும்மா ஓடித் திரிய
டீசல் என்ன கடல்தண்ணியா?

சப்ரான் பகலில் ஸ்கூல் வான் ஓடுகிறவன்.
கழற்றாமல் விடு, என்றேன்.
அன்றிலிருந்து ஒன்றரை மணிக்கு
பள்ளிக்கூட வாசலில் பதினாறு பிள்ளைகள்,
பின்னால் பூட்டிய ஒரு பலூடாக் கடை.
காவலாளி விசிலை ஊதி ஊதிப் பார்த்தார்,
பிறகு விலையை விசாரித்தார்.

ஆமர் வீதி, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டால், மட்டக்குளி.
ஒரு பிள்ளை இறங்கும்.
ஒரு தண்ணிப் போத்தல் சீற்றுக்கடியில் உருளும்.
ஒரு தாய் மூன்றாம் மாடியிலிருந்து கத்துவாள்.
ஊசி கொஞ்சம் வலப்பக்கம் சாயும்.

முகத்துவாரத்தில் கடைசியாக இறங்குகிற ஷெஹானி
பின்னால் ஓடிவந்து
பிரிட்ஜில் காதை வைப்பாள்.
"ஓடுது அன்ரி."

மாலையில் கடலைப் பார்த்தபடி
யாரோ ஒருவர் ஸ்ட்ரோவை உறிஞ்சிவிட்டு
நல்ல குளிர், என்கிறார்.
அது ஜன்னல் சீற்றுக்குப் போட்ட சண்டை,
செய்யாத கணக்கு வீட்டுவேலை, வாந்தி எடுத்த ஒரு வளைவு.
நான் மிச்சக் காசை எண்ணிக் கொடுக்கிறேன்.

நாளையிலிருந்து விடுமுறை.
பதினாறு பேரும் கைதட்டினார்களாம்.
எனக்கு மூன்று கிழமைக்கு ஐஸ்கட்டி,
நாளுக்கு அரைக்கட்டி,
கடனுக்கு.