பாதி மாத்திரை

அக்டோபர் ஒன்பது, மூஸ் ஜா.
டாக்டர் பெனார் கைப்பட்டையை அவிழ்த்துவிட்டுச் சொன்னார்:
"லாரன்ஸ், அழுத்தம் அழகாக இறங்கியிருக்கிறது.
இனி பாதி மாத்திரை போதும்."
திரும்பும் வழியில்
பட்டைத்தூள் மணக்கும் பன் ஒன்று வாங்கி
காருக்குள்ளேயே ஆளுக்குப் பாதி தின்றோம்.
பாதி என்ற சொல்
அவ்வளவு இனித்தது அன்று.

நவம்பர் நான்கில் கிளம்பினோம்,
பனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
மொன்டானாவில் காற்று, யூட்டாவில் உப்பு,
மூன்றாம் நாள் யூமா.
எங்கள் வண்டிவீடு, அதன் ஒற்றை எலுமிச்சை,
எதிர்வரிசையில் மனிடோபாக்காரர்கள்.
பதினோராவது குளிர்காலம்.
பயணக் காப்பீடும் பதினோராவது.
நாற்பத்தெட்டுப் பக்கச் சிறு புத்தகம்;
சாப்பாட்டு மேசையின் குட்டைக்காலுக்கு
அணையாகச் செருகியிருந்தார் லாரன்ஸ்.
மேசை ஆடவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
லாடம் எறியும் ஆட்டத்தில் அவர் முறை.
லாடத்தை விடாமலே உட்கார்ந்தார்.
விழவில்லை,
உட்கார்ந்தார்,
பின்னால் யாரோ நாற்காலி போட்டிருப்பதாக
நம்பியவரைப் போல.

ஆம்புலன்சில் ஜெபம் வரவில்லை எனக்கு.
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும்,
அது மட்டும் வந்தது.
அட்டையின் பின்புற எண்ணை
ஹெலிகாப்டர் இரைச்சலுக்குள் அழுத்தினேன்.
அழைப்பு பதிவாகிறது என்றது ஒரு குரல்.
பிறகு வயலின்.
பிறகு பிரியெல் என்ற பெண்,
தேன் தடவிய பேச்சு.
"புறப்படுவதற்கு முந்தைய தொண்ணூறு நாளில்
மருந்தில் ஏதாவது மாற்றம் உண்டா, அம்மா?"

"உண்டே," என்றேன்,
"குறைத்திருக்கிறார்கள்!"
மேடையில் பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டதும்
நாற்காலியை விட்டு எழுந்துவிடும் தாயைப் போல.

அந்தப் பக்கம் தட்டச்சு ஓசை.
பிறகு அதுவும் நின்றது.

கடிதம் பக்கம் முப்பத்தொன்றைப் பார்க்கச் சொன்னது.
புத்தகத்தை உருவினேன்.
மேசை சாய்ந்தது, காப்பி அவர் செருப்பில் ஊற்றியது.
பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்:
நிலையான உடல்நிலை எனப்படுவது
புதிய மருந்து தொடங்காதது,
பழைய மருந்து நிறுத்தாதது,
அளவு கூடாதது,
குறையாதது.

குறையாதது.

அதே நோயில் அசையாமல் கிடந்திருந்தால்
அவர் நிலையானவர்.
தேறினார், அதுதான் குற்றம்.
தேவாலய நாட்காட்டியில் பென்சிலால் எண்ணினேன்:
ஜனவரி ஏழு வரை வீட்டு வாசலில்
பனி அள்ளிக்கொண்டிருந்தால் போதும்,
தொண்ணூறு நிறைந்திருக்கும்.
பனி அள்ளியிருந்தால் அவர் இருந்திருப்பாரா,
அதற்குப் பக்க எண் இல்லை.

பீனிக்ஸ் வரை ஹெலிகாப்டர், இரண்டு ஸ்டென்ட், ஆறு இரவு:
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் டாலர்.
எங்கள் மாகாணம் தன் பங்குக்கு
நாளுக்கு நூறு தந்தது.
ஆக அறுநூறு.

எதிர்வரிசை கோர்டி சொல்கிறார்,
கிளம்பும் முன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்,
கொஞ்சம் கூடக் கட்டினால்
அந்த ஷரத்தைத் தளர்த்துவார்களாம்.
கோர்டிக்கு எல்லாம் தெரியும், மார்ச் மாதத்தில்.
டாக்டர் பொய் சொல்லவில்லை. பிரியெல் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
யாரைத் திட்டிவிட்டுத் தூங்குவது?

மேல்முறையீடு அனுப்பியிருக்கிறோம்.
வண்டிவீட்டு ஜன்னலில் விற்பனை அட்டை,
எலுமிச்சையும் சேர்த்து.
இப்போது முழு மாத்திரை, கூடவே புதிதாக நாலு.
அறுத்துவைத்த பழைய பாதிகள்
டப்பாவில் இன்னும் கிலுங்குகின்றன.

மாலையில் அவர் தோளைத் தொட்டுக் கேட்கிறேன்:
"இன்றைக்குக் கொஞ்சம் தேவலையா?"

மேசைமேல் கிடக்கும் போனை
ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு,
குரலைத் தாழ்த்திச் சொல்கிறார் லாரன்ஸ்:
"மாற்றமில்லை."