மூன்று புள்ளி எட்டு

செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டரில்
‘ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம்’ எனும் பலகைக்குக் கீழே
செருப்பைக் கழற்றினேன்.
அதைக் கேட்க நான் வரவில்லை.
பன்னிரண்டாவது வாரம், அவ்வளவுதான்.

குளிர்ந்த பசை. அடிவயிற்றில் கருவி நகர்ந்தது, நின்றது,
திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது.
டாக்டர் ஜெசிந்தா அதுவரை
வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.
பேச்சு நின்றதில்தான் எனக்குத் தெரிந்தது.

பிடரிக்குப் பின்னால் கொஞ்சம் நீர்.
எல்லாப் பிள்ளைக்கும் இருக்குமாம், இதற்குக் கூடுதல்.
மூன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர்.

ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள் நான்.
புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால்
வீடு கைமாறிப் போகும் என்று தெரியும்.
எங்களவர்களில் கல்யாணம் ஆனால்தான் கணக்கு:
கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி,
கோயில் நோட்டில் ஏறும், வரி வாங்குவார்கள்.
ஒருவர் போய்விட்டால் அரைப்புள்ளி.
வயிரவனும் நானும் ஐந்து வருடமாக ஒரு புள்ளி.
திரையில் துடித்ததும் புள்ளிதான்,
எந்த நோட்டிலும் ஏறாதது.

மதுரைக்குப் போகிற வழியில்
குன்றக்குடி மலையைப் பார்த்து
ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான் வயிரவன்.
என் கையில் ஃபைல் இருந்தது.
திருப்பத்தூர் தாண்டியதும் “ஒருவேளை…” என்றான்.
மேலூர் வரை அந்த ஒருவேளை
பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தது.

சுவரில் குரோமோசோம் படம்,
கொடியில் கிளிப் போட்ட காலுறைகள் மாதிரி
இருபத்து மூன்று ஜோடி.
ஊசியால் முந்நூறில் ஒன்று கலையலாம் என்றார்கள்.
எனக்குப் பந்தி ஞாபகம் வந்தது.
முந்நூறு இலை போட்டதில்
ஒன்று மட்டும் பரிமாறாமலே மூடியிருந்தது.
கையெழுத்துப் போட்டேன்: வ. உமையாள்.
ஊசியைப் பார்க்காதீர்கள் என்றார்கள்.
பார்த்தேன்.

வீட்டில் ஜி.எஸ்.டி. கெடு என்று சொல்லிவைத்தோம்.
மாமியார் கேட்காமலே கவுனியரிசி கிண்டித் தந்தார்.
அவருக்குத் தெரியுமா தெரியாதா, தெரியவில்லை.
தேங்காய் கூடுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் செய்தி வந்தது:
பதிமூன்று சரி, பதினெட்டு சரி, இருபத்தொன்று சரி.
பெயிண்ட் கடையில்
கலர் கார்டு புரட்டிக்கொண்டிருந்தவர் முன்னாலேயே
வயிரவன் அழுதான்.

மூன்றாம் வாரம் வேறொன்று.
பதினைந்தாவதில் ஒரு சிறு துண்டைக் காணோம்.
அதற்கு என்ன அர்த்தம் என்பது நிச்சயமில்லை.
எங்கள் ஆபீசில் இதற்குப் பெயர் உண்டு:
யாருடையதென்று தெரியாத தொகையை
சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம்,
என்றாவது ஆள் வருவான் என்று.

ஆளைத் தேடி எங்கள் இருவர் ரத்தத்தையும் கேட்டார்கள்.
வயிரவனுக்கு எல்லாம் இருந்தது.
எனக்குத்தான் இல்லை.
அதே இடம், அதே அளவு.

முப்பத்தோரு வருடம் அது இல்லாமலேயே
ஐந்தொகை சரிக்கட்டியிருக்கிறேன்,
ஸ்கூட்டியில் தேவகோட்டை வரை போய் வந்திருக்கிறேன்,
வயிரவனோடு சண்டை போட்டு
தப்பு அவன்மேல்தான் என்று நிரூபித்திருக்கிறேன்.
என்னிடம் இல்லாததை
லெட்டர்பேடில் அச்சடித்து யாரும் தந்ததில்லை அதுவரை.
வெட்கமாக இருந்தது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“அப்படியென்றால் நல்ல செய்திதான், பெரும்பாலும்”
என்றார் டாக்டர்.

பிறந்ததும் யார் ஜாடை என்று பார்க்க வருவார்கள்.
மூக்கு அவனுடையது என்பார்கள், நெற்றி அவர்களுடையது என்பார்கள்.
சொல்லட்டும்.
இல்லாத ஒன்றில் அது என் ஜாடை.

மூன்று புள்ளி எட்டுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.
இருபதாம் வாரம் இதயத்தைப் பார்க்க வேண்டுமாம்,
நாலு அறையும் ஒழுங்காக இருக்கிறதா என்று.
எங்கள் வீட்டில் முப்பத்தாறு அறை,
பாதிக்குமேல் சாவியே இல்லை.
வியாழக்கிழமை, பத்தரை மணி.
வெறும் வயிற்றோடு வர வேண்டாம்,
சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றிருக்கிறார்கள்.