நாற்பத்தைந்து வெள்ளி

சிராங்கூன் ரயில் நிலையம்.
கட்டணத் தடுப்புக்கு உள்ளே நான், வெளியே அவர்.
வெளியே வந்தால் கார்டில் காசு போகும் என்பதால்
இந்த ஊரின் பழம்பொருள் வியாபாரம் பாதி
இடுப்புயரக் கதவுக்கு மேலேதான் நடக்கிறது.

மேடம் சியூ லான் நீட்டிய ரொட்டிப் பையில்
ஒரு சீக்கோ ஃபைவ்.
அறை வாடகைக்கு இருந்தவன் விட்டுப்போனதாம்.
"ஓடாது லா. ஆனா ஸ்டராப் நல்லா இருக்கு."
வீட்டுக்கு வந்ததும்
ஸ்டராப்பைத்தான் முதலில் குப்பையில் போட்டேன்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
ஹவ்காங்கில் ஓர் ஆய்வுக்கூடம்.
யாரோ கடிக்கப்போகும் பீங்கான் கடைவாய்க்கு
அவர் இத்தனை வருடம் குடித்த கோப்பியின் மஞ்சளை
மூன்று முடித் தூரிகையால் ஏற்றுவேன்.
புத்தம்புது வெள்ளை எந்த வாய்க்கும் பொருந்தாது.
இரவில் அதே உருப்பெருக்கி,
அதே இடுக்கி.

பின்மூடி திறந்தால் பச்சைக் களிம்பு:
முன்பின் தெரியாத ஒருவனின் மணிக்கட்டு வியர்வை.
பல்குச்சியால் வழித்தேன்.
மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறிய தேதிகள்,
7/77, 11/79.
ஏழுக்கு இடுப்பில் கோடு போடுகிற கை.
அப்புறம் 6/85.
இது வேறு கை, அவசரக்காரன்,
திருகு ஒன்றையும் வழுக்கவிட்டிருக்கிறான்.

மாணிக்கக் கல்லைப் பிடித்திருக்கும்
பூப்போன்ற சின்ன வில்
சத்தமே இல்லாமல் பறந்தது.
கைப்பேசி வெளிச்சத்தில் தரையோடு தரையாகத் தேடியதில்
கிடைத்தவை: ஒரு கம்மல் திருகு, நாலு அரிசி,
தன்னுடையதல்லவென்று கணவர் சாதித்த நகத்துண்டு.
மூன்றாம் நாள் வேலையிடத்தில்
யாரோ ஒருவரின் கீழ்த்தாடை அச்சில்
மின்னிக்கொண்டிருந்தது.
என் சட்டைக் கையில் ஏறி
பேருந்தில் காசில்லாமல் வந்திருக்கிறது.

சிக்கல் கிழமைச் சக்கரத்தில்தான்.
ஏழு நாளுக்குப் பதினான்கு கட்டம்.
ஒன்றில் ஜப்பானியம், அடுத்ததில் ஆங்கிலம்.
ஈரம் ஆங்கிலத்தை மட்டும் தின்றுவிட்டிருந்தது.

"பன்னிரண்டு வெள்ளிக்குப் புதுச் சக்கரம் வரவழைக்கலாம்"
என்றான் ஹிதாயத்.
அவனிடம் நூற்றுப்பத்துக் கைக்கடிகாரங்கள்.
மணி பார்ப்பது கைப்பேசியில்.

தூரிகையை எடுத்தேன்.
ஞாயி. திங். செவ். புத.
வியாழனை ஒடுக்கி வியா என்றாக்க
ஒரு மாலை முழுக்கப் போயிற்று.
வெள்ளி, புள்ளி வைத்த வெள்.
கட்டத்துக்குள் முழுப்பெயரோடு
சம்மணமிட்டு உட்கார்ந்தவன்
சனி ஒருவன்தான்.

ஹிதாயத் நெடுநேரம் பார்த்தான்.
"கெடுத்துட்டே. இனி இதுக்கு விலையே கிடையாது."
சரிதான்.

சக்கரத்தின் படத்தை மேடம் சியூ லானுக்கு அனுப்பினேன்.
வெள் என்பதற்குப் பக்கத்தில்
மேலே கூரை, கீழே இரண்டு பொட்டு வைத்த
ஜப்பானிய வெள்ளிக்கிழமை.
அவர் அதைச் சீனமாகப் படித்தார்.
"ஐயோ, தங்கம்னு போட்டிருக்கே!
தெரிஞ்சிருந்தா அதிகம் கேட்டிருப்பேன்."

வானத்தில் ஒரே கோள்.
அவர்கள் அதைத் தங்கம் என்று எழுதிவிட்டார்கள்,
நாம் வெள்ளி என்று.
பேநவில் நான் அவருக்கு அனுப்பியதும்
நாற்பத்தைந்து வெள்ளி.
இதையெல்லாம் தட்டச்சு செய்யத் தொடங்கி,
பாதியில் அழித்து,
சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினேன்.

இப்போது ஓடுகிறது. நாளுக்குப் பதினெட்டு விநாடி முந்தி.
மூடிக்குள் என் தேதியையும் கீறினேன்,
ஏழு வராத மாதமாகிப்போனதில் சின்ன வருத்தம்.

நள்ளிரவு தாண்டினால் சக்கரம் ஒரு கட்டம் நகர்ந்து
நாளை முதலில் அவர்களுடைய எழுத்தில் காட்டும்,
கொஞ்ச நேரம் கழித்து என்னுடையதில்.
வியாழன் இரவுகளில் விழித்திருக்கப் பார்க்கிறேன்.
குளிர்பெட்டி முனகுகிறது.
கீழ்த்தளத்தில் யாரோ சைக்கிளைப் பூட்டுகிறார்கள்.
பன்னிரண்டு இருபதுக்குத் தங்கம் வந்துவிடுகிறது.

அது வெள்ளியாகிற நேரத்தில்
ஒருமுறைகூட நான் விழித்திருந்ததில்லை.