நூற்று முப்பத்தேழு

ஜிஞ்ஜாவின் பழைய கடைத்தெருவில்
கம்பிவலைக்குப் பின்னால் என் நாற்காலி.
சீட்டு அடிப்பேன், காசு வாங்குவேன்,
எப்போதாவது காசு கொடுப்பேன்.

சனிக்கிழமை மழை.
மோட்டார் சைக்கிள்களைத் தாழ்வாரத்தில் சொருகிவிட்டு
ஈரச் சட்டையோடு நிற்கிறார்கள்.
திரையில் பனி கொட்டும் ஓர் ஊர்.
அதன் பேர் யார் வாயிலும் நுழையவில்லை.
ஆனால் அந்த ஊர்க் கோல்கீப்பருக்கு
முழங்கால் வலி என்பது
இங்கே சப்பாத்தி சுடுபவனுக்கும் தெரியும்.

எட்டு ஆட்டச் சீட்டில்
ஏழு சரி, ஒன்று போச்சு முகோசேக்கு.
"கம்பெனிக்காரன் அந்த கோல்கீப்பருக்குப் போன் போட்டிருக்கான்,
என் சீட்டைப் பாத்துட்டு."
சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.
தன் ஆயிரம் ஷில்லிங்கைப் பிடுங்க
ஒரு கண்டமே விழித்திருந்தது என்பதில்
அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் சம்பளம் அந்தக் கம்பெனி.

போன மாதம் பாலிகோவா ஜெயித்தான்.
எட்டு ஆட்டம். எட்டிலும் சரிக்குச் சரியான இரண்டு பக்கம்,
பூவா தலையா மாதிரி.
ஆயிரத்துக்கு ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம்.
கட்டைவிரலை நனைத்து நனைத்து எண்ணினேன்.
"இன்னைக்கு கம்பெனி வயிறு எரியும்!" என்று
மேசைமேல் ஏறி ஆடினான்.

எட்டுமுறை சுண்டும் காசு
இருநூற்று ஐம்பத்தாறு விதமாக விழும்.
நியாய விலை
இரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரம்.
மீதி ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்தை
யாரும் தேடவில்லை.
கைக்கே வராத பணம்
எந்தச் சட்டைப்பையில் ஓட்டை என்று காட்டும்?
எல்லோருக்கும் முட்டைச் சப்பாத்தி வாங்கினான்,
வலைக்கு அடியில் எனக்கும் ஒன்று.
தின்றேன். சூடாக இருந்தது.
மறுநாள் தலைமையகத்திலிருந்து ஆள் வந்து
அவன் படத்தைச் சுவரில் மாட்டினான்.

இசபிர்யேவின் படம் மட்டும் சுவரில் இல்லை.
சர்க்கரை ஆலைக் கணக்கர். நோட்டுப் புத்தகத்தோடு வருவார்.
யாரும் பார்க்காத கைப்பந்து ஆட்டங்களில்
விலை தப்பாகப் போட்ட இடத்தில் மட்டும் வைப்பார்.
ஐந்து மாதம், சிறுகச் சிறுக ஜெயித்தார்.
ஆறாம் மாதம் என் திரையில் ஒரு வரி வந்தது:
இவருக்கு ஐந்நூறு ஷில்லிங்குக்கு மேல் சீட்டு இல்லை.
பிறகு அவர் வருவதில்லை.
"கண்ணு பட்டிருச்சு" என்றார்கள் வாசலில்.

மழை விடவில்லை. மின்சாரம் போனது.
ஜெனரேட்டர்காரன் வரும்வரை
என் பையிலிருந்து இருநூறு ஷில்லிங் காசை எடுத்தேன்,
ஒரு பக்கம் மீன், மறுபக்கம் முத்திரை.
"முகோசே, மீனுக்கு நீ ஆயிரம். முத்திரைக்கு அவன் ஆயிரம்.
இரண்டும் என் கையில்."
சுண்டினேன். மீன்.
"உனக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது."
மறுபடி. மீன். மறுபடி. மீன்.
"ஒவ்வொரு தடவையும் நூற்றைம்பது
என் பக்கம் நிற்குது, பாத்தியா?
நான் யாருக்கும் போன் போடலை.
எது விழுந்தா எனக்கென்ன?"

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
நைல் புறப்படும் இந்த ஊரில்
போடுகிறவன் ஒருவன், அளக்கிறவன் வேறொருவன்.

நாலாவதும் மீன்.
முகோசே வெகுநேரம் யோசித்தான்.
கூரையில் மழை குறைந்தது தெரிந்தது.
"புரிஞ்சுது," என்றான் மெல்ல.
"இது நாள் முழுக்க உனக்கு வந்துக்கிட்டே இருக்கும்."
ஆமாம் என்றேன்.
முதல்முறையாக ஒருவன் ஆமாம் வாங்கினான் என்னிடம்.

பிறகு காசை எடுத்து
உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நாலு தடவை மீன்.
அப்போ அடுத்தது முத்திரைதான், தப்பாது.
எவ்வளவு வைக்கலாம்?"

திரை மினுங்கி எழுந்தது.
வலைக்கு அடியில் கையை நீட்டினேன்.
நாணயத்தைக் கொடு என்றேன்.
அது என்னுடையது.