முதல் மூவாயிரம்

லாபிசில் நேற்று மழை இல்லை, காற்றும் இல்லை.
இதை முதலில் எழுதிவிடுகிறேன்,
படிவத்தின் நான்காம் கேள்வி அதைத்தான் கேட்கிறது.
ஆறாம் கேள்வி: எப்படி நடந்தது?
மூன்று கோடு இடம் விட்டிருக்கிறார்கள்.

தூங்குமூஞ்சி மரம்.
பழைய எஸ்டேட் ஆஸ்பத்திரி இருந்த இடம்,
இப்போது தாமான்.
ஏறுமுன் இவர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்,
கெட்டி என்றுதான் சொன்னது.
மரமும் பொய் சொல்லும் போல.
கயிற்றுக்குக் கட்டுப்பட்டுப் பாதிவரை இறங்கிய கிளை
நடுவில் முறிந்து,
கறையான் தின்றதுபோக மிச்சம்
சிக்கு ஹமிட்டின் கார் கொட்டகை மேல்.
உள்ளே மைவி.
எட்டுத் தவணைதான் கட்டியிருந்தாராம்.

கயிறு பிடித்த நேசன்
கையை விரித்துக் காட்டிக்கொண்டே நின்றான்.
"நான் விடலக்கா. விடல."
உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு
அப்படியே பதிந்திருந்தது.
அது வேறு படிவம்.

மரம் வெட்டக் கூலி அறுநூற்றைம்பது வெள்ளி.
கொட்டகையும் காரும் ஏழாயிரத்து நானூறு.
ஏஜெண்ட் யோகேஸ் போனில் சொல்கிறாள்:
முதல் மூவாயிரம் நம்மோடது, அக்கா,
மிச்சம் கம்பெனி குடுக்கும்.
குடுத்துட்டு, அடுத்த வருஷம் பிரிமியம்?
"ஏறும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது."
போன வருஷம் சீனக் கோயில் சுவர்,
அதற்கு முன்னால் போன் கம்பி.
மூன்றாவது என்றால்
எங்களையே வேண்டாம் என்பார்கள்.
காப்பீட்டுக் காகிதம் இல்லாமல்
மாவட்ட மன்றம் ஒரு புல்லைக்கூட வெட்ட விடாது.

மழைக்கென்று வாங்கிய குடையை
நனையாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

கையிலிருந்தே கட்டிவிடலாம், என்றார் இவர்,
பெரிய ரம்பத்தை விற்றால்...
எதை வைத்து வெட்டுவீங்க, நகத்தாலா?
சிரித்தார். கொஞ்சம் பொறுத்து நானும்.

காலையில் சிக்கு ஹமிட் வாசலில்.
சண்டைக்கு மனசைத் தயார் செய்துகொண்டு போனேன்.
மிச்ச மரத்தை எப்போது வெட்டுவீர்கள், என்றார்,
என் மனைவி அந்தப் பக்கம்
துணி காயப்போடப் பயப்படுகிறாள்.
கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை
தொடக்கூடாதாம், சிக்கு.
எப்போது வருவார்?
அதை யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம்
வெட்டாத பாதி வழக்கம்போல் இலை மூடியது.

ஆறாம் கேள்விக்குக் கீழே
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்:
தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினோம்.
இன்னும் இரண்டு கோடு இருக்கிறது.